பெருவிரல் பருமன் இரும்பும் நம் பிள்ளைகளும்



கொஞ்சம் நீளமான பதிவு. ஸ்கூல் வேன் ஓடுபவர்கள், பிள்ளைகளை வேனில் அனுப்புபவர்கள், பழைய கார் ஒன்றை இழுத்துப் பிடித்து ஓடிக்கொண்டிருப்பவர்கள், இந்த மூன்று கூட்டமும் நேரம் எடுத்து முழுதாக வாசியுங்கள். மற்றவர்கள் பாதியில் விட்டாலும் கோபமில்லை.

விஷயம் ஸ்டப் எக்ஸல்.

பெயரைக் கேட்டதும் "அது பாஸ்மாரின் வேலை, நமக்கென்ன" என்றுதான் தோன்றும். நம் ஊரில் ஒரு வாகனம் வாங்கப் போனால் என்ன பார்க்கிறோம்? ஏசி வேலை செய்கிறதா, மீற்றர் எத்தனை காட்டுகிறது, பொடியில் டிங்கர் வேலை இருக்கிறதா, புகை அடிக்கிறதா. சில்லைக் காலால் இரண்டு உதை உதைத்துப் பார்ப்போம். அந்தச் சில்லு எதில் மாட்டியிருக்கிறது என்று கேட்டவர் ஒருவரையும் நான் கண்டதில்லை.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு கல்வியியற் கல்லூரிக்குத் தெரிவாகும்வரை கிடந்த மாதங்களில் மாமாவின் கராஜில் நின்றேன். பெரிதாக எதுவும் செய்யவில்லை. ஸ்பெனர் எடுத்துக் கொடுப்பது, மண்ணெண்ணெயில் சாமான் கழுவுவது. அப்படிக் கழுவிய சாமான்களில்தான் முதல் முதலாக ஸ்டப் எக்ஸலைக் கையில் எடுத்துப் பார்த்தேன். இவ்வளவு பெரிய வாகனத்தின் முன்சில்லு இவ்வளவு சின்ன இரும்பிலா நிற்கிறது என்று மாமாவிடம் கேட்டேன். "நிக்குதுதான். கவனிச்சா நிக்கும்" என்றார். இந்தப் பதிவு முழுவதும் அந்த இரண்டாவது வசனத்தின் விளக்கம்தான்.

வகுப்பில் இதை நான் விளங்கப்படுத்துவது இப்படி. உம்மாவின் தையல் பெட்டியிலிருந்து ஒரு நூல்கட்டையை எடுத்து ஆட்காட்டி விரலில் மாட்டிச் சுற்றுங்கள். கட்டை சுற்றும், விரல் சுற்றாது. விரல்தான் ஸ்டப் எக்ஸல். நூல்கட்டைதான் ஹப். அந்த ஹப்பில்தான் நாம் வெளியே பார்க்கும் ரிம்மும் டயரும் நட் போட்டு இறுக்கப்பட்டிருக்கின்றன. விரல் முளைத்து நிற்கும் உள்ளங்கைதான் நக்கிள். ஸ்டியரிங்கை வெட்டும்போது உள்ளங்கை திரும்பும், கூடவே விரலும் திரும்பும், அதில் மாட்டிய சில்லும் திரும்பும்.

இப்போது அதே விரலை நீட்டிக்கொண்டு அதில் ஒரு பை அரிசியைத் தொங்கவிடுங்கள். எங்கே நோகும்? விரல் நுனியில் நோகாது. விரல் கையோடு சேரும் அடிமூட்டில்தான் நோகும். தரம் 10 பிள்ளைகள் படிக்கும் விசையின் திருப்பம் இதுதான். ஸ்டப் எக்ஸலிலும் ஆகக் கூடிய நோவு அதன் அடியில், நக்கிளோடு சேரும் இடத்தில். அதனால்தான் அது அடியில் தடிப்பாகவும் நுனியில் மெல்லியதாகவும் செய்யப்பட்டிருக்கும். நுனிப்பக்கம் ஏறத்தாழ ஒரு பெருவிரல் பருமன்தான் வரும்.

ஒரு சின்னக் கணக்கு. வேனும் பிள்ளைகளும் புத்தகப் பைகளும் சேர்ந்து 2,000 கிலோ என்று வையுங்கள். நான்கு சில்லுக்கும் பிரித்தால் ஒரு சில்லுக்கு 500 கிலோ. பத்து சீமெந்து பேக். வேன் நிற்கும்போதே இவ்வளவு. குழியில் விழும்போதும், வேகத்தில் வளைவு எடுக்கும்போதும் வெளிப்பக்கச் சில்லில் இது இன்னும் கூடும். வேன் டயர் ஒன்றின் சுற்றளவு கிட்டத்தட்ட 2 மீற்றர். அப்படியானால் ஒரு கிலோமீற்றருக்கு 500 சுற்று. காலையும் பகலும் சேர்த்து 40 கிலோமீற்றர் ஓடும் வேனின் சில்லு ஒரு நாளைக்கு 20,000 தடவை அந்த விரலைச் சுற்றி வருகிறது.

இரும்பில் இரும்பு நேரடியாக இப்படிச் சுற்றினால் ஒரு நாளும் தாங்காது. அதனால்தான் இடையில் பெயாரிங். முன்சில்லுக்கு எஞ்சின் வலு போகாத, பின்சில்லால் தள்ளி ஓடும் வாகனங்களில், அதாவது பழைய டொல்பின் ஹயஸ், பொக்ஸ் லான்சர் போன்றவற்றில், ஒவ்வொரு முன்சில்லுக்கும் இரண்டு பெயாரிங் இருக்கும். உள்ளே பெரியது, வெளியே சின்னது. இரண்டும் கூம்பு வடிவத்தில் சரிந்த ரோலர் வைத்தவை. வெளிவளையத்தை கப் என்றும் ரோலரோடு வரும் உள்வளையத்தை கோன் என்றும் கராஜில் சொல்வார்கள். உள்பக்கம் தூசியும் தண்ணீரும் போகாமல் ஒயில் சீல். வெளிப்பக்கம் ஒரு வாஷர், ஒரு நட், அந்த நட் கழலாமல் இருக்க ஒரு கொட்டர் பின், அதற்கு மேல் தகரத் தொப்பி.

மாட்டு வண்டில் பார்த்த பெரியவர்களுக்கு இது புதிதல்ல. வண்டில் சில்லு கழன்று போகாமல் அச்சின் நுனியில் குத்தியிருப்பார்களே கடையாணி, அதுதான் இன்றைக்கு கொட்டர் பின். சாமான்கள் மாறினாலும் வேலை மாறவில்லை. ஒரு பிளேன்டீயை விடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் கம்பி அது. நட்டைப் பிடித்து வைத்திருப்பது அது. நட் பெயாரிங்கைப் பிடிக்கிறது, பெயாரிங் ஹப்பைப் பிடிக்கிறது, ஹப் சில்லைப் பிடிக்கிறது.

"என்னுடையது வேகன் ஆர், எனக்கு இது இல்லையே" என்று சிலர் நினைப்பீர்கள். முன்சில்லால் இழுத்து ஓடும் புதிய கார்களில் முன்பக்கம் வேறு அமைப்பு. எஞ்சினிலிருந்து வரும் டிரைவ் ஷாப்ட் ஹப்புக்குள்ளால் போகிறது, பெயாரிங் முழுதாக மூடி சீல் பண்ணியது. ஆனால் அந்தக் கார்களின் பின்சில்லைப் பாருங்கள். வலு போகாத சில்லு எதிலோ மாட்டித்தானே சுற்றவேண்டும்? பல கார்களில் பின்பக்கம் ஒரு சின்ன ஸ்டப் எக்ஸல்தான் இருக்கும். சிலவற்றில் ஹப்பும் பெயாரிங்கும் ஒரே கட்டாக வந்து போல்ட்டில் பூட்டுப்படும். இவற்றுக்கு கிரீஸ் போடவோ இறுக்கம் பார்க்கவோ ஒன்றும் இல்லை. சத்தம் வந்தால் மாற்றவேண்டியதுதான். சத்தம் வந்தது என்று ஒத்துக்கொள்வதுதான் அங்கே உள்ள வேலை.

இனி இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்று சொல்கிறேன்.

எங்கள் பாடசாலை கேட்டடியில் காலையில் வேன்கள் வந்து நிற்கும். என் மகனும் அப்படி ஒரு வேனில்தான் வருகிறான். ஒரு காலையில் அந்த வேன் வளைவில் திரும்பி வரும்போது ஒரு இரைச்சல் கேட்டது. எஞ்சின் இரைச்சல் அல்ல. எஞ்சின் இரைச்சல் கியர் மாற்றினால் மாறும். இது கியர் மாற்றியும் மாறவில்லை, வேகம் குறையக் குறையத்தான் குறைந்தது. ஆட்டுக்கல் சுற்றுவது மாதிரியான ஒரு கனத்த சத்தம். வேன் நின்றதும் சாரதிக் காக்காவிடம் போய்ப் பேசினேன். அவர் என்னை விட 15 வயது மூத்தவர். எங்கள் ஊரில் அவரை விடக் கவனமாக ஓடும் ஒருவரைச் சொல்வது கஷ்டம்.

"காக்கா, முன்சில்லு கத்துதே."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிள்ளைகள் எல்லாரும் இறங்கி உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகுதான் சொன்னார்.

"ரெண்டு மாசமா கத்துது சேர். பெயாரிங் எண்டு எனக்கும் தெரியும். காசு வரட்டும் எண்டு பாத்துக்கொண்டு இரிக்கன்."

என்ன காசு என்று கேட்டேன். அவர் சொல்ல விரும்பவில்லை. வற்புறுத்திக் கேட்ட பிறகுதான் சொன்னார். வேனில் 14 பிள்ளைகள். அதில் 6 வீட்டிலிருந்து இரண்டு மாத வேன் காசு வரவில்லை. லீசிங் மட்டும் பிந்தாமல் கட்டியாகவேண்டும். டீசல் கைக்காசுக்குத்தான் அடிக்கவேண்டும். மிச்சம் இருப்பது வீட்டுச் செலவும் வேனின் பெயாரிங்கும். இரண்டில் எது பிந்தும்?

அந்த சனிக்கிழமை அவரும் நானும் வேனைக் கராஜுக்குக் கொண்டுபோனோம். இடப்பக்க முன்சில்லைக் கழற்றி தகரத் தொப்பியைத் தட்டி எடுத்தார் பாஸ். எடுத்ததும் எங்கள் மூன்று பேருக்கும் பேச்சு வரவில்லை. நட்டில் கொட்டர் பின் இருக்கவேண்டிய ஓட்டையில் ஒரு ஆணி வளைத்துச் செருகியிருந்தது. சாதாரண மரத்துக்கு அடிக்கும் ஆணி. முந்தி எப்போதோ எங்கோ பிரேக் வேலை செய்தபோது யாரோ அவசரத்துக்குப் போட்டது. எங்கே, யார் என்று பேசிப் பயனில்லை. அந்த ஆணி பாதி தேய்ந்து, ஒரு பக்கக் கால் முறிந்து போயிருந்தது.

நட்டைக் கழற்றி ஹப்பை இழுத்தால் வெளிப் பெயாரிங் நீலம் பாய்ந்து கிடந்தது. இரும்பு நீலம் பாய்ந்தால் அது அளவுக்கு மேல் சூடாகியிருக்கிறது என்று அர்த்தம். கிரீஸ் கறுத்துக் காய்ந்து கட்டியாகிவிட்டது. பெயாரிங்கின் உள்வளையம் ஸ்டப் எக்ஸலில் அசையாமல் இருக்கவேண்டியது. அது தானும் சேர்ந்து சுற்றி எக்ஸலைத் தின்றிருந்தது. விரலால் தடவினால் பள்ளம் தெரிந்தது.

இன்னும் எத்தனை நாள் ஓடியிருக்கும் என்று பாஸிடம் கேட்டேன். "நாளைக்கும் ஓடும், நாளைக்கே கழரும். அது யாருக்கும் தெரியாது சேர்" என்றார். அல்ஹம்துலில்லாஹ், ஒன்றும் நடக்க முதல் கழற்றினோம்.

இதில் விளங்கிக்கொள்ளவேண்டியது ஒன்று இருக்கிறது. ஸ்டப் எக்ஸல் திடீரென்று முறிவது குறைவு. அது முன்கூட்டியே சொல்லும். மாதக் கணக்கில் சொல்லும். அந்த வேன் இரண்டு மாதம் தினமும் காலையும் பகலும் நம் வாசலுக்கு வந்து சத்தம் போட்டுச் சொல்லியிருக்கிறது.

என்னென்ன மாதிரிச் சொல்லும் என்பதை இப்போது எழுதுகிறேன். இதற்குப் பாஸாக இருக்கத் தேவையில்லை.

முதலாவது சத்தம். வேகத்தோடு கூடி வேகத்தோடு குறையும் இரைச்சல். டயர் தேய்ந்தாலும் இரைச்சல் வரும், ஆனால் டயர் இரைச்சல் றோட்டுக்கு றோட்டு மாறும். காபட் றோட்டில் ஒரு மாதிரி, கொங்கிறீட் றோட்டில் ஒரு மாதிரி. பெயாரிங் இரைச்சல் எந்த றோட்டிலும் கூடவே வரும். வலப்பக்கம் வளைக்கும்போது இரைச்சல் கூடினால் இடப்பக்கச் சில்லைச் சந்தேகியுங்கள், ஏனென்றால் வளைவில் பாரம் வெளிப்பக்கச் சில்லுக்குத்தான் போகும். இடப்பக்கம் வளைக்கும்போது கூடினால் வலப்பக்கச் சில்லு. எப்போதும் இது சரியாக வரும் என்றில்லை, ஆனால் பெரும்பாலும் வரும்.

இரண்டாவது சூடு. ஒரு ஓட்டம் ஓடிவிட்டு நின்றதும் இரண்டு முன்சில்லின் நடுவையும் கையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட்டுச் சுட்டுக்கொள்ளவேண்டாம், கிட்டக் கொண்டுபோனாலே தெரியும். இரண்டும் ஒரே மாதிரி சூடாக இருந்தால் அது பிரேக் பிடித்த சூடு. ஒரு பக்கம் மட்டும் அடுப்பு மாதிரி இருந்தால் ஒன்றில் பிரேக் இறுகிப் பிடிக்கிறது, இல்லாவிட்டால் பெயாரிங். இரண்டும் கவனிக்கவேண்டியவைதான்.

மூன்றாவது ஆட்டம். சமதரையில் வாகனத்தை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சில்லுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜேக் அடித்துத் தூக்குங்கள். தூக்கிய பிறகு ஸ்டேண்ட் வைக்காமல் கிட்டப் போகவேண்டாம். ஜேக்கை மட்டும் நம்பி வாகனத்துக்குக் கீழே கையோ தலையோ வைக்கக்கூடாது. பிறகு சில்லின் மேலேயும் கீழேயும் இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கடகடவென்று ஆட்டம் தெரிந்தால் இன்னொருவரை உள்ளே ஏற்றி பிரேக்கை அமுக்கச் சொல்லுங்கள். பிரேக் அமுக்கியதும் ஆட்டம் நின்றால் அது பெயாரிங் ஆட்டம். பிரேக் அமுக்கியும் நிற்காவிட்டால் போல் ஜொயின்ட் அல்லது கிங் பின்னில் பிழை. பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் இருந்தால் ஸ்டியரிங் பக்கத்து ஜொயின்டுகளைப் பாருங்கள். கடைசியாகச் சில்லைக் கையால் சுற்றிவிட்டு ஸ்பிரிங்கில் மெதுவாகக் கை வையுங்கள். பெயாரிங் கரகரப்பாக இருந்தால் கைக்கு அது வரும்.

இவ்வளவுக்கும் ஒரு சில்லுக்குப் பத்து நிமிடம் போகாது.

கராஜில் கழற்றிய பிறகு என்ன கேட்கவேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் பாஸ்மார் கெட்டிக்காரர். ஆனால் "கெதியா முடிச்சுத் தாங்க" என்று நாம் தலைக்கு மேல் நின்றால் அவர்களும் கெதியாகத்தான் முடிப்பார்கள்.

பழைய கிரீஸை முழுதாகக் கழுவி எடுக்கச் சொல்லுங்கள். பழையதுக்கு மேல் புதியதைப் பூசுவது அழுக்குச் சட்டைக்கு மேல் அத்தர் பூசுவது மாதிரி. வேறு வேறு வகைக் கிரீஸைக் கலந்தால் சிலவேளை இரண்டும் சேர்ந்து இளகி ஓடிவிடும். சில்லுப் பெயாரிங்குக்கென்று வரும், சூடு தாங்கும் கிரீஸ்தான் போடவேண்டும். அது ரோலர்களுக்கு இடையில் போகவேண்டும். உள்ளங்கையில் கிரீஸை வைத்து பெயாரிங்கை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கத்தால் வெளியே வரும்வரை ஏற்றுவார்கள். ஹப்புக்குள் வாய்வரை அடைந்து வைப்பது தேவையில்லை. இடமில்லாத கிரீஸ் சூடாகி சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக்குக்குத்தான் போகும்.

கழுவிய பெயாரிங்கைக் காற்றடித்துச் சுற்றவிடக்கூடாது. எண்ணெய் இல்லாமல் அந்த வேகத்தில் சுற்றினால் பழுதாகும், சிதறினால் ஆளுக்கும் ஆபத்து. பெயாரிங் மாற்றினால் கப்பும் கோனும் சோடியாகத்தான் மாற்றவேண்டும். புதுக் கோனைப் பழைய கப்பில் ஓடவிட்டால் பழைய கப்பின் தேய்வு புதியதையும் தின்றுவிடும். ஒயில் சீலும் புதிது போடுங்கள்.

நட் இறுக்கும் விதம்தான் ஆகப் பெரிய விஷயம். சில்லு நட் மாதிரி இதை பலம் கொண்ட மட்டும் இறுக்கக்கூடாது. ஹப்பைச் சுற்றிச் சுற்றி இறுக்கி பெயாரிங்கை இருக்கையில் உட்கார வைத்து, பிறகு தளர்த்தி, பிறகு அந்த வாகனத்துக்குச் சொன்ன அளவுக்கு மெதுவாகக் கொண்டுவரவேண்டும். சில வாகனங்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத துளி ஆட்டம் விடவேண்டும், சிலவற்றுக்குத் துளி இறுக்கம் வேண்டும். வாகனத்தின் மெனுவலில் இருக்கும். கூட இறுக்கினால் சூடாகி நீலம் பாயும். கூடத் தளர்த்தினால் ஆடி ஆடி எக்ஸலைத் தின்னும். சில பழைய ஆங்கிலேய வாகனங்களில் இடப்பக்க நட் எதிர்ப்புரியில் இருக்கும். பலம் போட்டுக் கழற்ற முதல் பாருங்கள்.

கொட்டர் பின் ஒவ்வொரு தடவையும் புதியது. கழற்றியதை நிமிர்த்தித் திரும்பப் போடக்கூடாது. ஆணி, வேலிக் கம்பி, செப்புக் கம்பி எதுவும் கூடாது. தகரத் தொப்பியை மூட முதல் "பாஸ், பின்னைக் காட்டுங்க" என்று சொல்லி உங்கள் கண்ணால் பாருங்கள். அவர் கோபிக்கமாட்டார். கோபித்தாலும் பரவாயில்லை.

இனி எக்ஸலையே பார்ப்பது. ஹப் கழன்ற நேரத்தில் எக்ஸலை மண்ணெண்ணெயில் துடைத்து, நீலம் பாய்ந்திருக்கிறதா, பள்ளம் விழுந்திருக்கிறதா, புரி தேய்ந்திருக்கிறதா, அடிமூட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் கடற்கரை ஊர். உப்புக் காற்றில் ஏற்பட்ட துருப் புள்ளியிலிருந்தும் வெடிப்புத் தொடங்கும். மயிரிழை வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. அதற்கு மாமா செய்து காட்டிய முறை ஒன்று உண்டு. எனக்கு அதில் பிடித்தது, அது நம் வகுப்பறைச் சாமான். எக்ஸலின் அடியை மண்ணெண்ணெயில் கொஞ்ச நேரம் ஊறவிடுங்கள். பிறகு நன்றாகத் துடைத்துக் காயவைத்து, சோக்கட்டியைத் தூளாக்கி அதில் பூசுங்கள். வெடிப்பு இருந்தால் அதற்குள் போன மண்ணெண்ணெய் மெதுவாக வெளியே கசிந்து வெள்ளைச் சோக்கில் ஒரு கோடாகத் தெரியும். இப்போது இதற்கென்றே சிவப்புச் சாய ஸ்பிரே வருகிறது, அது இன்னும் துல்லியமானது. தத்துவம் ஒன்றுதான்.

பள்ளம் விழுந்த எக்ஸலை வெல்டிங் அடைத்து லேத்தில் கடைந்து தருவார்கள். செலவு குறைவு, பார்க்கப் புதிது மாதிரி இருக்கும். தயவுசெய்து செய்யவேண்டாம். ஸ்டப் எக்ஸல் உருக்கை அடித்து உருவாக்கி, சூடாக்கிக் குளிரவைத்து அதற்கென்று உறுதி ஏற்றிய சாமான். வெல்டிங் சூடு அந்த உறுதியைக் குலைத்துவிடும். வெல்டிங் முடியும் இடத்துக்குப் பக்கத்தில் அது கண்ணாடி மாதிரி முறியும் தன்மைக்கு வரும். கதிரைக் காலுக்கு வெல்டிங் அடிக்கலாம், பிள்ளைகள் ஏறும் சில்லுக்கு அடிக்கக்கூடாது. புது நக்கிள் வாங்க வசதி இல்லாவிட்டால் பஞ்சிகாவத்தையில் கழற்றிய நக்கிள் எடுக்கலாம். ஆனால் பூட்ட முதல் மேலே சொன்ன சோக்கட்டிச் சோதனையைச் செய்யுங்கள், அது எந்த வாகனத்தில் என்ன அடிபட்டு வந்தது என்று நமக்குத் தெரியாது.

எத்தனை நாளைக்கு ஒருமுறை? கிரீஸ் போடும் வகை முன்சில்லுக்கு ஏறத்தாழ 40,000 கிலோமீற்றர் அல்லது 2 வருடம் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். பாரம் ஏற்றி மணல் றோட்டில் ஓடும் வேனுக்கு அதை விட முந்தி. மாரியில் வெள்ளத்துக்குள் இறங்கி ஓடிய வாகனமென்றால் எந்தக் கணக்கும் பார்க்காமல் கழற்றுங்கள். சூடான ஹப் குளிர்ந்த தண்ணீருக்குள் போனால் உள்ளே இருக்கும் காற்றுச் சுருங்கி, சீல் இடுக்கால் தண்ணீரை உள்ளே இழுக்கும். தண்ணீர் கலந்த கிரீஸ் கிரீஸாக இருக்காது.

வருடா வருடம் லைசன் எடுக்கப் புகைப் பரிசோதனை செய்கிறோம். அது எஞ்சின் புகைக்கான சோதனை. சில்லுக்குப் பின்னால் எட்டிப் பார்க்க அதில் ஆளில்லை. அந்த ஆள் நாமாகத்தான் இருக்கவேண்டும்.

இப்போது மனதில் கிடக்கும் பக்கத்துக்கு வருகிறேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது. இடையில் 2022இல் டீசல் வரிசையில் நம் வேன்காரர்கள் இரவு பகலாகக் கிடந்ததை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது பெயாரிங்கும் கிரீஸும் டயரும் கூடவே ஏறின. சம்பளமும் வேன் காசும் அப்படி ஏறவில்லை. ஆக, நம் பிள்ளைகள் ஏறும் வேன்களுக்கு வயது கூடியிருக்கிறது, கவனிக்கக் கையில் காசு குறைந்திருக்கிறது. இரண்டும் ஒரே வருடங்களில் நடந்தது.

வேன் காசு பிந்தும் வீடுகளை நான் குற்றம் சொல்ல வரவில்லை. கடல் அடித்தால் மீன்காரர் வீட்டில் காசில்லை. அறுவடை முடியும்வரை வயல்காரர் வீட்டில் காசில்லை. அந்த ஆறு வீட்டில் நான்கு வீட்டின் நிலைமை எனக்குத் தெரியும். ஆனால் காசு பிந்தும்போது அது எங்கே போய் முட்டுகிறது என்று ஒரு தடவையாவது யோசிக்கவேண்டும். அது சாரதியின் வீட்டுச் சோற்றில் முட்டுவதை விட, அவர் ஓடும் வேனின் முன்சில்லில்தான் முட்டுகிறது. அந்தச் சில்லுக்கு மேல் உட்கார்ந்திருப்பது காசு கொடுத்த வீட்டுப் பிள்ளையும் காசு பிந்திய வீட்டுப் பிள்ளையும் சேர்ந்துதான்.

பிள்ளைகள் சாரதியின் கையில் அமானிதம் என்று மேடையில் சொல்கிறோம். உண்மைதான். அந்த அமானிதத்தைச் சுமக்கத் தேவையானதை அவர் கையில் கொடுப்பது யாருடைய பொறுப்பு என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

அந்த வேனுக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். எட்டு வீட்டுக்காரர்கள் அடுத்த மாதக் காசை முன்கூட்டியே கொடுத்தார்கள். பிந்தியவர்களில் மூன்று வீடு அந்தக் கிழமையே கட்டியது. ஆணியை பாஸிடம் வாங்கி ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டினோம், வேறு பேச்சு தேவைப்படவில்லை. இரண்டு பக்கத்துக்கும் பெயாரிங், சீல், கொட்டர் பின், இடப்பக்கத்துக்குச் சோதித்து எடுத்த ஒரு நக்கிள். திங்களும் செவ்வாயும் பிள்ளைகள் ஓட்டோவிலும் அயலவர் மோட்டார் சைக்கிளிலும் வந்தார்கள். புதன்கிழமை வேன் சத்தமில்லாமல் வந்தது.

கடைசியாக மூன்று வேண்டுகோள்.

வேன் ஓடும் காக்காமாருக்கு: சத்தம் வந்தால் மறைக்கவேண்டாம். "பெயாரிங் போடவேணும், ரெண்டு நாள் ஓடமாட்டன்" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். அதைச் சொல்லும் சாரதியைத்தான் நாங்கள் நம்புவோம்.

பெற்றோருக்கு: அப்படிச் சொல்லும் சாரதியை விட்டுவிட்டு அடுத்த நாளே வேறு வேன் பிடிக்கவேண்டாம். அந்தப் பயத்தில்தான் பலர் சத்தத்தோடு ஓடுகிறார்கள். வேன் காசு பிந்துமென்றால் எப்போது தருவீர்கள் என்றாவது முன்கூட்டியே சொல்லுங்கள். பாதியாவது கொடுங்கள்.

ஒவ்வொரு வேனின் பெற்றோருக்கும் சாரதிக்கும் சேர்த்து: தவணை விடுமுறை வரும்போது ஒரு சனிக்கிழமையை ஒதுக்குங்கள். நான்கு சில்லையும் தூக்கி ஆட்டிப் பாருங்கள். பெற்றோரில் ஒருவர் பக்கத்தில் நில்லுங்கள், செலவு வந்தால் பிரித்துக்கொள்ளுங்கள். எங்கள் வேனுக்கு அடுத்த விடுமுறையில் இன்ஷா அல்லாஹ் செய்ய இருக்கிறோம். அன்றைக்குப் பார்க்க வர விரும்பும் மற்ற வேன்காரர்களும் வரலாம். ஜேக்கும் ஸ்டேண்டும் கராஜில் இருக்கிறது. சோக்கட்டி நான் கொண்டுவருகிறேன்.

வஸ்ஸலாம்.